ஃபோர்க்லிஃப்ட்: வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கும் ஏன் பயிற்சி வேண்டும்?

மதுரையில் கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் மேலூர் சாலையோரக் குடோன்களிலும் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர்களிடம் "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கேயும் போய்க் கத்துக்கலைண்ணே, இங்கேயே பார்த்துப் பழகுனதுதான்" என்ற பதில்தான் அதிகம் வரும். முன்பு லாரியில் கிளீனராக இருந்திருப்பார், டாடா ஏஸ் ஓட்டியிருப்பார், அல்லது லோடுமேனாகச் சேர்ந்து மூட்டை தூக்கியிருப்பார். பழைய ஆபரேட்டர் ஒருநாள் வேலையை விட்டுப் போனதும் சாவி இவர் கைக்கு வந்திருக்கும். முதலாளிகளும் இதில் பிழை காண்பதில்லை. "வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளுதானே, ரெண்டு நாள்ல பிடிச்சுக்குவான்" என்பார்கள்.

பிடித்துக்கொள்வார், உண்மைதான். முன்னால் போவதும் பின்னால் வருவதும் சுமை தாங்கும் இரும்புக் கரங்களான ஃபோர்க்கை ஏற்றி இறக்குவதும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காரும் லாரியும் பைக்கும் ஓட்டிப் பழகிய உடம்பு சில விஷயங்களைத் தானாகவே செய்யும். ஃபோர்க்லிஃப்ட்டில் அவற்றில் பாதி தவறு. ஒன்றும் தெரியாத புது ஆள் பயந்து பயந்து ஓட்டுவார். நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர் பயமில்லாமல் ஓட்டுவார். பயிற்சி இவருக்குத்தான் கூடுதலாகத் தேவை.

ஸ்டீயரிங்கில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் சற்றே திரும்பும்போது பின்பக்கம் அகலமாக வீசி எதிர்ப்பக்கம் போகும். ஆபரேட்டரின் கண் ஃபோர்க் மேல் இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் ராக்கை ஒட்டி நிற்பவர் மேல் வண்டியின் பின்புறம் போய் மோதும். அந்தப் பின்புறம்தான் வண்டியிலேயே கனமான பகுதி. முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாக அங்கே இரும்புக் கவுண்டர்வெயிட் வைத்திருக்கிறார்கள். 2.5 டன் தூக்கும் வண்டி ஒன்றின் சொந்த எடையே 3.5 டன்னுக்கு மேல் வரும். பார்ப்பதற்கு மாருதி காரைவிடச் சின்னதாகத் தெரியும். எடையில் மூன்று நான்கு கார்களுக்குச் சமம். அப்புறம் பிரேக். பெரும்பாலான ஃபோர்க்லிஃப்ட்டுகளில் பிரேக் முன்சக்கரங்களுக்கு மட்டும்தான். சுமை இல்லாதபோது எடையெல்லாம் பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியில், நனைந்த சாய்தளத்தில் காலி வண்டியை வேகமாக இறக்குபவர்களுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

ஆனால் பயிற்சியின் நடுநாயகம் சுமைக் கணக்கு. ஃபோர்க்லிஃப்ட் ஒரு தராசு. அதன் முள் முன்சக்கர அச்சு. முன்னால் சுமை, பின்னால் வண்டியின் எடை. சுமை எத்தனை கிலோ என்பது எவ்வளவு முக்கியமோ, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் "2000 கிலோ, 500 மி.மீ." என்று போட்டிருந்தால், ஃபோர்க் வண்டியோடு சேரும் அடிமுனையிலிருந்து சுமையின் நடுப்பகுதி 500 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் 2 டன் தூக்கலாம் என்று அர்த்தம். சிட்கோவில் பலரும் தகட்டில் உள்ள முதல் எண்ணை மட்டும் படிக்கிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் அடிமுனை வரை 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 500 மி.மீ.யில் 2000 கிலோ என்றால், அச்சிலிருந்து மொத்த தூரம் 950 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 19 லட்சம். வண்டி தாங்கும் எல்லை அதுதான். இப்போது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைத் தூக்குகிறோம். அதன் நடுப்பகுதி 750 மி.மீ.யில் இருக்கும், அச்சிலிருந்து 1200 மி.மீ. 19 லட்சத்தை 1200 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1580 கிலோ. அதே வண்டி, அதே ஆபரேட்டர். பெட்டி நீளமானதால் மட்டும் 400 கிலோவுக்கு மேல் தாங்கும் திறன் போய்விட்டது. ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்ட்டை உயர்த்தினால் இன்னும் குறையும். அதனால்தான் முறையான தகட்டில் உயரத்துக்கு உயரம் தனித்தனி அளவு இருக்கும். தகடே இல்லாத வண்டிகளையும், மேலே பெயின்ட் அடித்து எழுத்து மறைந்துபோன தகடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான்.

சுமையின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிடவும் ஆபரேட்டருக்குப் பழக்க வேண்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டை 40 அடுக்கினால் சரியாக 2 டன். மதுரை, விருதுநகர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு வரும் பஞ்சுப் பொதி வழக்கமாக 170 கிலோ. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டில் ஒரு கன மீட்டர் 2.6, 2.7 டன் இருக்கும். பார்வைக்குச் சிறிய கல்லாகத் தெரிவதுதான் அங்கே ஏமாற்றும். பஞ்சுப் பொதிக்கு ஃபோர்க்குக்குப் பதில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டுகிறார்கள். அந்தக் கிளாம்ப்பின் எடையையும் கழிக்க வேண்டும். அது சுமையை இன்னும் முன்னால் தள்ளுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளாம்ப் மாட்டிய பிறகும் பழைய தகட்டையே நம்பி ஓட்டுவது ஆபத்து.

முன்பக்கம் குப்புறக் கவிழ்வதைப் பற்றி ஆபரேட்டர்களுக்கே ஓரளவு தெரியும். பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டுக் கிளம்பினால் சுமையைக் கீழே விட்டுவிடுவார்கள். (அந்த நேரத்தில் பின்னால் இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து "வெயிட் கொடுக்கிற" வழக்கமும் உண்டு. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.) பக்கவாட்டில் சாய்வதுதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும், பின் அச்சு நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் ஆடும்படி மாட்டப்பட்டிருக்கும். ஆகவே வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு முன்சக்கரம், பின்னால் அந்த முளை. மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம். மொத்த எடையின் மையம் அதற்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். காலி வண்டியில் அந்த மையம் பின்பக்கம், முக்கோணம் குறுகும் இடத்தில் இருக்கிறது. அதனால் சுமை ஏற்றிய வண்டியைவிடக் காலி வண்டி வளைவில் சுலபமாகச் சாயக்கூடும். "சும்மாதானே போறோம்" என்று வேகமெடுக்கும் நேரம்தான் மோசமான நேரம். ஃபோர்க்கை உயர்த்தியபடியே திரும்பினால் மையம் மேலே ஏறிவிடும், சாய்வதற்கு இன்னும் குறைந்த வேகம் போதும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்க் தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயரத்தில், மாஸ்ட் சற்றுப் பின்சாய்ந்து இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சாய ஆரம்பித்துவிட்டது என்றால் என்ன செய்வது? இயல்பாக எல்லோரும் குதிப்பார்கள். சாயும் டிராக்டரிலிருந்தும் பைக்கிலிருந்தும் குதித்துத் தப்பியவர்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. உட்கார்ந்து ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்டில் குதித்தால், தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூண்டே வந்து நசுக்கும். வண்டி சாய்கிற வேகம் மனிதன் விலகும் வேகத்தைவிட அதிகம். சீட் பெல்ட்டோடு உள்ளேயே இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கால்களை அழுத்தி ஊன்றி, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். பின்பக்கம் திறந்திருக்கும், நின்றபடி ஓட்டும் வண்டிகளுக்கு விதி வேறு: அதில் பின்னால் இறங்கி விலக வேண்டும். எந்த வண்டிக்கு எது என்பதை வாயால் ஒருமுறை சொன்னால் போதாது. நிற்கும் வண்டியில் உட்காரவைத்து, கை கால் வைக்கும் இடத்தைக் காட்டி, திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பாக நடந்த 1,021 மரணங்களை வகைப்படுத்தியது. வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் 22 சதவீதம். நடந்து போனவர்களை வண்டி மோதியது 20 சதவீதம். வண்டியால் நசுக்கப்பட்டது 16 சதவீதம். ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து விழுந்தது 9 சதவீதம். அமெரிக்கக் கணக்குத்தான், ஆனாலும் அந்த இரண்டாவது எண்ணை நம் ஊர் முதலாளிகள் கவனிக்க வேண்டும். இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் வண்டியை ஓட்டியவர் இல்லை, பக்கத்தில் நடந்து போனவர். ஓட்டுபவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் இந்த ஐந்தில் ஒருவரைப் பாதிதான் காப்பாற்ற முடியும்.

மதுரைக் குடோனில் அந்த ஒருவர் யார் யாராக இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்த லோடுமேன்கள். சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளான பேலட்டுகளுக்கு நடுவே சிந்தியதைக் கூட்டும் அக்கா. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் டீ கேனோடு உள்ளே நுழையும் கடைப்பையன். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும் லாரி கிளீனர். நம்மிடம் உயர்த்திக் கட்டிய லோடிங் டாக் உள்ள குடோன்கள் குறைவு. பெரும்பாலும் லாரியைத் தரையிலேயே நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து ஏற்றுகிறோம். இந்தப் பக்கம் ஆபரேட்டர் பேலட்டை உள்ளே தள்ளும்போது, அந்தப் பக்கம் இருக்கும் அட்டைப்பெட்டியோ டிரம்மோ கிளீனர் தலையில் விழும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. ஏற்றும்போது எதிர்ப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது, லாரிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும், டிரைவர் சாவியோடு இறங்கி ஆபரேட்டர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் வெளியூர் லாரிக்காரரும் கடைப்பிடிக்கும்படி சொல்லும் அதிகாரம் குடோன் சூப்பர்வைசருக்கு இருக்க வேண்டும்.

தரையில் மஞ்சள் கோடு போட்டு நடைபாதை பிரிக்கும் குடோன்கள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் அங்கே போனால் மஞ்சள் கோட்டின் மேலேயே சரக்கு அடுக்கியிருக்கும். நடப்பவர்கள் வண்டி போகும் வழியில் நடப்பார்கள். இதில் ஆபரேட்டர் எவ்வளவு பயிற்சி பெற்றவராக இருந்தாலும் பயனில்லை. சரக்கு எவ்வளவு வரும், எங்கே அடுக்குவது என்று தீர்மானிப்பவருக்குத்தான் அந்தப் பாடம் வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம், வெளிச்சம். சித்திரை வெயிலில் வெளியே சரக்கு எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்ட குடோனுக்குள் நுழையும் ஆபரேட்டருக்குச் சில நொடிகள் எதுவும் தெளிவாகத் தெரியாது. கண் முழுதாகப் பழக இன்னும் சில நிமிடங்கள் ஆகும். வாசலை ஒட்டி உள்பக்கம் நிழலில் நிற்பதும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதும் நம் வழக்கம். வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, கண் தெளிந்த பிறகு உள்ளே போக வேண்டும் என்பதை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலிருந்தும் எடுக்க வேண்டாம். இந்த வெயிலை அறிந்த யாரும் சொல்லித்தரலாம்.

ஆளை ஃபோர்க்கில் ஏற்றித் தூக்குவது பற்றியும் பேசியாக வேண்டும். டியூப் லைட் மாற்ற, ராக்கின் மேல்தட்டில் எண்ண, ஆயுத பூஜைக்குத் தோரணம் கட்ட, வெறும் பேலட்டில் ஆளை நிறுத்தி மேலே ஏற்றுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் வந்த அந்த 9 சதவீதத்தில் இப்படி விழுந்தவர்களும் இருப்பார்கள். அதற்கென்று கைப்பிடிக் கம்பி வைத்து, ஃபோர்க்கோடு பூட்டும்படி செய்த கூண்டு இல்லாமல் ஆளைத் தூக்கவே கூடாது. ஏணி இருக்கிறது, வாடகைக்குச் சாரம் கிடைக்கிறது.

சரி, இதையெல்லாம் யார் கேட்பது? ஆர்டிஓ கேட்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் வரையறைப் பிரிவு 2(28), தொழிற்சாலைக்குள்ளோ மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்கென்று அமைந்த சிறப்பு வாகனத்தை "மோட்டார் வாகனம்" என்பதிலிருந்தே விலக்கிவைக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டு போட்டுக் காட்டுவது போன்ற தேர்வு எதுவும் வளாகத்துக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இல்லை. அதற்காகப் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை, முழுக்க நிர்வாகத்தின் தலையில் வந்து சேர்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்கும் இயந்திரங்களில் பாதுகாப்பான சுமை அளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவில் சொன்னது. 1987இல் சேர்த்த 7ஏ பிரிவு, தொழிலாளரின் பாதுகாப்புக்கு வேண்டிய தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் "தொழிற்சாலை" ஆக முன்பு 10 தொழிலாளர்கள் போதும். புதிய சட்டத்தில் 20 பேர் வேண்டும். நிறுவனம் என்ற அளவில் பொதுக்கடமைகள் 10 பேர் உள்ள இடத்துக்கும் பொருந்தும். ஆனாலும் பன்னிரண்டு பேரும் ஒரு ஃபோர்க்லிஃப்ட்டும் உள்ள இடங்கள் நிறைந்த மதுரையில் இந்த மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. சிறிய இடத்தில்தான் ஆபரேட்டரே லோடுமேனாகவும் மெக்கானிக்காகவும் இருக்கிறார்.

பயிற்சியின் உள்ளடக்கத்தை வெளிநாடுகள் வகுத்திருக்கும் விதத்தில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. பிரிட்டனில் மூன்று படி: எந்த வண்டிக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி, அந்தந்த வேலையிடத்துக்கும் அங்குள்ள வண்டிக்கும் உரிய பயிற்சி, பிறகு வேலையிலேயே ஒருவரின் கண்காணிப்பில் பழகுவது. அமெரிக்காவில் 1998இல் வெளியிட்ட விதிப்படி, வகுப்பும் செய்முறையும் முடிந்த பிறகு ஆபரேட்டரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பிட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு வேண்டும். விபத்து நடந்தாலோ மயிரிழையில் தப்பினாலோ வண்டி மாறினாலோ இடத்தின் அமைப்பு மாறினாலோ உடனே மறுபயிற்சி. இவற்றில் எனக்குப் பிடித்தது, தப்பிய சம்பவத்தையும் கணக்கில் எடுப்பது. நம்மிடம் ராக் காலில் ஃபோர்க் இடித்துக் கம்பி வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிட்டு, வெளியே சொல்லாமல் இருந்துவிடுவார்கள். சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். பிடித்தம் இருக்கும்வரை எந்த ஆபரேட்டரும் உண்மையைச் சொல்ல மாட்டார், வளைந்த ராக் ஒருநாள் சரக்கோடு சரியும்.

சவூதி, துபாய் வேலைக்காகச் சான்றிதழ் வாங்குபவர்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் நிறைய. தனியார் நிலையங்களில் படித்து வரும் சான்றிதழ் மேற்சொன்ன முதல் படிக்கு மட்டும் ஈடாகும், அதுவும் நிலையம் ஒழுங்காக நடத்தியிருந்தால். இந்தக் குடோனின் சாய்தளம், இந்த வண்டியின் பிரேக், இந்த வாசலின் நிழல் எதுவும் அந்தச் சான்றிதழில் இல்லை. சாய்தளத்தில் சுமையோடு ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் போக வேண்டும், அதாவது சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். காலி வண்டிக்கு இது அப்படியே தலைகீழ்: ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். சாய்தளத்தின் நடுவில் திரும்பவே கூடாது. விதியாகப் படித்தால் நாலு வரி. சொந்த இடத்தின் சாய்தளத்தில் பழகினால்தான் கையில் நிற்கும்.

மொழியும் தடை. ஆபரேட்டர் தமிழராக இருப்பார், பேலட் தள்ளுபவர்கள் பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள், வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஆங்கிலத்தில். "பின்னாடி வராதே" என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எல்லோரும் புரிந்துகொள்ளும் கைச்சைகையிலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேட்டர் கண்ணைப் பார்த்து, அவர் ஃபோர்க்கைத் தரையில் இறக்கிக் கையசைத்த பிறகே வண்டிக்கு அருகில் போக வேண்டும் என்ற ஒரே பழக்கத்தைச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் கற்றுத்தந்தால் பாதி வேலை முடியும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்க்கும் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். பிரேக், ஹாரன், டயர், செயின், ஹைட்ராலிக் கசிவு, சீட் பெல்ட். ஃபோர்க்கின் வளைவுப் பகுதியில் கனம் 10 சதவீதம் தேய்ந்தாலே அதன் வலு ஏறத்தாழ 20 சதவீதம் போய்விடும், 40 மி.மீ. கனம் 36க்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். பேட்டரி வண்டிகளைச் சார்ஜ் போடும் இடத்தில் ஹைட்ரஜன் வெளிவரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பீடி பற்றவைக்க அந்த மூலைதான் வசதி என்று நினைப்பவர்களைத் தடுக்க வேண்டும். மூடிய குடோனில் டீசல் வண்டி ஓட்டுவதானால் புகை வெளியேற வழி வேண்டும்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். நம் ஆலைகளில் பேனர் கட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த நாளில் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தி, ஆபரேட்டரையும் லோடுமேன்களையும் சூப்பர்வைசரையும் ஒன்றாக வண்டியைச் சுற்றி நிறுத்தினால் உறுதிமொழிக்கு ஓர் உருவம் கிடைக்கும். ஒவ்வொருவரையும் ஆபரேட்டர் சீட்டில் உட்காரவைத்து, 1.5 மீட்டர் உயரச் சுமையை முன்னால் வைத்து, "எங்கே நிற்கிற ஆள் உங்களுக்குத் தெரியலை?" என்று கேட்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பார்த்த லோடுமேன் மறுநாள் அந்த இடத்தில் நிற்க யோசிப்பார். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டு என்ற விதியும் சூப்பர்வைசருக்கு அப்போதுதான் நியாயமாகப் படும். லாரி காத்திருக்கிறது, வெயிட்டிங் சார்ஜ் ஏறுகிறது என்று அவசரப்படுத்துபவர் பெரும்பாலும் அவர்தான்.

செலவு என்பார்கள். ஒரே வண்டி வைத்திருக்கும் சிறு நிறுவனம் தனியாகப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ள முடியாது என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் கப்பலூரில் அடுத்தடுத்து நிறுவனங்கள். மடீட்சியா போன்ற சிறுதொழில் சங்கம் இருக்கிறது, கே.புதூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பொதுவான அடிப்படைப் பயிற்சியை எல்லோருக்கும் சேர்த்து ஓரிடத்தில் நடத்தி, அதே பயிற்சியாளர் ஒவ்வொரு குடோனுக்கும் அரை நாள் வந்து அந்த இடத்தில் ஆபரேட்டரை மதிப்பிடலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளை அழைத்தால் வருவார்கள். தேறியவர்களின் பெயர், போட்டோ, எந்த வண்டிக்கு என்ற விவரத்தோடு ஒரு பட்டியலை வண்டி நிற்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சாவி வண்டியிலேயே தொங்கக்கூடாது. பட்டியலில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். முதலாளியின் மகனாகவே இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சாவி தரக்கூடாது.